வயதின் தடத்தைத் தள்ளிப்போடும் சிகிச்சைகள்: எங்கே தொடங்கி எப்படிப் போவது

முகத்தில் தெரியும் வயதில் பெரும்பங்கு வெயில் போட்டது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படத்தை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 2012இல் வெளியிட்டது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் தடித்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. வலது கன்னம் அந்த அளவுக்குக் கெடவில்லை. ஒரே ஆள், ஒரே வயது. ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வந்த புற ஊதா ஏ கதிர்தான் இரண்டு கன்னத்துக்கும் வித்தியாசம்.

நம் மாநிற, கருநிறத் தோலில் இந்தச் சேதம் வேறு வடிவில் வரும். வெள்ளைத் தோலில் முதலில் தெரிவது கோடும் சுருக்கமும். நமக்கு நிறமி கூடுதல் என்பதால் சுருக்கம் தாமதமாகத்தான் விழும். அதற்கு முன்பே கன்னத்தில் மங்கு, கண்ணைச் சுற்றிக் கருமை, நெற்றியோரம் கறுப்பு, திட்டுத்திட்டான நிறம் எல்லாம் வந்துவிடும். இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. அதே நிறமிச் செல்கள் எரிச்சல், காயம் எது வந்தாலும் கருமையைக் கொட்டும். வீரியமான க்ரீம், ஆழமான பீல் (அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரிப்பது), சூடு கூடிய லேசர் எதுவானாலும், தோல் சிவந்து எரிந்தால் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். அதனால்தான் கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் குறைந்த அளவில், கூடுதல் இடைவெளியில் தொடங்க வேண்டும். நம் தோலில் அவசரப்பட்டவருக்குத்தான் சிகிச்சை நீளும்.

வரிசையும் முக்கியம். பலர் முதலில் ஊசிக்கோ லேசருக்கோ பணம் கட்டுகிறார்கள். சன்ஸ்கிரீன் கடைசியில் நினைவுக்கு வருகிறது. வெயிலைத் தடுக்காமல் மங்குக்கு லேசர் வைத்தால் மங்கு திரும்ப வரும். முதலில் வெயிலைத் தடுப்பது, பிறகு இரவு க்ரீம், ஆறு மாதம் கழித்தும் குறை இருந்தால் ஊசியும் மற்ற சிகிச்சைகளும். வயதைத் தள்ளிப்போடுவதில் தசையையும் எலும்பையும் வலுவாக வைப்பதும் சேரும்; அது இதில் எதற்கும் காத்திருக்கக் கூடாது. அதை முதல் நாளே தொடங்கலாம்.

தொடங்கும் முன்

இப்போது முகத்தில் போடும் க்ரீம் டியூப்பைத் திருப்பி, உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு க்ரீம். 'முகம் வெளுக்கும்' என்று பக்கத்து வீட்டுக்காரரோ மருந்துக் கடைக்காரரோ கொடுத்தது பெரும்பாலும் இதுவாக இருக்கும். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த க்ரீமும் இந்த வகைதான். மங்குக்காக டாக்டர் அதைச் சில வாரங்களுக்கு எழுதுவது முறையான சிகிச்சை. அதையே வருடக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரியும், பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும். வயதைக் குறைக்க வாங்கியது தோலுக்குப் பத்து வயது கூட்டிவிடும். இந்திய அரசு 2018இல் ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது இதனால்தான். கடைகளில் இன்னும் சுலபமாகக் கிடைக்கிறது என்பது வருத்தத்துக்குரிய உண்மை.

இப்படி ஒரு க்ரீமை மாதக்கணக்கில் போட்டவர் சட்டென நிறுத்தினால் முகம் சிவந்து, எரிந்து, வீங்கும். பயந்துபோய் அதையே மறுபடி பூசுவார். இந்தச் சுழலில் இருப்பவர் தனியாக முயற்சி செய்ய வேண்டாம். தோல் டாக்டரிடம் டியூப்பைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டி, படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். தோல் ஆறும் வரை மற்றது எதையும் தொடங்கக் கூடாது.

அடுத்து ஒரு புகைப்படம். காலையில், ஜன்னல் பக்கம், ஃபிளாஷ் இல்லாமல், நேராக ஒன்று, இரு பக்கமும் பாதி திரும்பி ஒவ்வொன்று. அதே இடத்தில், அதே நேரத்தில் மாதம் ஒரு முறை எடுங்கள். மாற்றம் மெதுவாக வருவதால் தினமும் கண்ணாடி பார்ப்பவருக்குத் தெரியாது; ஒன்றும் நடக்கவில்லை என்று மூன்றாவது மாதம் விட்டுவிடுவார்.

டாக்டரிடம் தவறாமல் சொல்ல வேண்டியவை: கர்ப்பம், குழந்தை பெறும் திட்டம், பாலூட்டுவது, காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, உதட்டோரம் அடிக்கடி வரும் அக்கி, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, தசை பலவீன நோய்கள்.

வெயிலைத் தடுப்பது

ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து நாலரை ஆண்டு கவனித்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் போட்ட குழுவில், அந்தக் காலத்தில் தோல் முதுமை கண்டுபிடிக்கும்படி கூடவே இல்லை. இஷ்டம் போலப் போட்டவர்களை விட அவர்களுக்கு 24 சதவீதம் குறைவு. இந்த முடிவு 2013இல் வெளியானது. சுருக்கத்தைத் தடுக்கும் என்று கடைகளில் விற்கும் எத்தனையோ க்ரீம்களுக்கு இவ்வளவு நீண்ட ஆதாரம் கிடையாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது மூன்று. எஸ்பிஎஃப் 30 அல்லது 50: இது புற ஊதா பி கதிருக்கான எண். 30 என்றால் சுமார் 97 சதவீதம், 50 என்றால் சுமார் 98 சதவீதம் தடுக்கும். அதற்கு மேல் எண் கூடக்கூடக் கிடைக்கும் லாபம் சொற்பம். பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று அல்லது நான்கு கூட்டல் குறி: இது சுருக்கம் போடும் புற ஊதா ஏ கதிருக்கானது. மங்கு உள்ளவர் மூன்றாவதாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியும் கருநிறத் தோலில் கருமையைக் கூட்டும். நிறமில்லாத சன்ஸ்கிரீன்கள் அதைச் சரியாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் தடுக்கும். பூசியதும் முகம் சாம்பல் பூத்தது போலத் தெரியும் தொல்லையும் இதில் குறைவு.

பெரும்பாலான தவறு அளவில்தான் நடக்கிறது. ஆய்வகத்தில் எஸ்பிஎஃப் எண்ணைக் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து அது ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல் வரும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் டியூப்பிலிருந்து கோடு இழுத்தால் ஏறத்தாழ இந்த அளவு. பொட்டுப் பொட்டாக வைத்துத் தேய்ப்பவர் இதில் கால்வாசிதான் போடுகிறார். 50 என்று எழுதியிருந்தாலும் அவருக்குக் கிடைப்பது அந்தப் பாதுகாப்பு அல்ல. உங்கள் அளவு சரியா என்று சோதிக்க ஒரு வழி: 50 கிராம் டியூப்பை நீங்கள் ஒருவரே தினம் ஒரு முறை போட்டால் ஆறு வாரத்துக்குள் தீர வேண்டும். நாலு மாதம் வந்தால் போதவில்லை.

ஒரே தடவையில் அவ்வளவையும் போட்டால் வழியும். முதல் விரல் அளவைப் பரப்பி, ஒரு நிமிடம் விட்டு, இரண்டாவது விரல் அளவைப் பூசலாம். காது, பின்கழுத்து, கைமேல்புறம் ஆகியவை எல்லோரும் மறக்கும் இடங்கள். வெளியே போவதற்கு 15 நிமிடம் முன்பு போட்டு, வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். வியர்த்துத் துடைத்தால் உடனே. நாள் முழுக்க அலுவலகத்துக்குள் இருப்பவர் காலையில் ஒன்று, மாலை வெயிலில் கிளம்பும் முன் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். சென்னைக் கோடையின் உச்சி வேளையில் புற ஊதாக் குறியீடு, மிகக் கடுமையான படியான 11ஐத் தாண்டும். அந்த நேரத்தில் குடையும் துப்பட்டாவும் சேர்ந்தால்தான் சன்ஸ்கிரீன் தாக்குப்பிடிக்கும்.

இரவு க்ரீம்: ட்ரெட்டினாயின்

வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த இந்த மருந்து முதலில் பருவுக்காக வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் குழு, வெயிலில் கெட்ட தோலை இது சீராக்குவதை 1986இல் எழுதியது. அமெரிக்காவில் 1995இல் மெல்லிய சுருக்கங்களுக்கான மருந்தாகவே அனுமதி கிடைத்தது. தோலின் மேலடுக்கு வேகமாகப் புதுப்பிக்கப்படுகிறது, நிறமி சீராகப் பரவுகிறது, அடியில் வெயில் உடைத்த, தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன் மறுபடி உருவாகிறது, கொலாஜனை அரிக்கும் நொதிகள் அடங்குகின்றன. பூசும் மருந்துகளில் இவ்வளவு ஆதாரம் சேர்ந்தது வேறில்லை. இது சீட்டு மருந்து. டாக்டரைப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். கர்ப்பத்தின்போதும் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதும் கூடாது.

0.025, 0.05, 0.1 சதவீதம் என்று கிடைக்கும். தொடங்க வேண்டியது 0.025. 0.025க்கும் 0.1க்கும் 48 வாரம் ஒப்பிட்டு 1995இல் வெளியான ஆய்வில் பலன் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது; எரிச்சல் மட்டும் 0.1இல் மிக அதிகம். நம் தோலுக்கு இதை விடத் தெளிவான தீர்ப்பு வேண்டியதில்லை. வறண்ட தோலுக்கு க்ரீம் வடிவம், எண்ணெய் வடியும் தோலுக்கு ஜெல்.

இரவில் மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, துண்டால் ஒற்றி, 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். ஈரத் தோலில் மருந்து ஆழமாக இறங்கி எரியும். பலருக்கு முதல் வாரமே தோல் உரிவதற்கு இந்தப் பொறுமையின்மைதான் காரணம். பிறகு மூக்கோரம், வாயோரம், கண்ணுக்கு வெளியே எலும்பு விளிம்பு ஆகிய இடங்களில் வாசலின் மெல்லிய கோடாகத் தடவுங்கள். மருந்து வழிந்து தேங்கி எரிவது இந்த மடிப்புகளில்தான். ஒரு பச்சைப் பட்டாணி அளவு மருந்தை விரலில் எடுத்து நெற்றி, இரு கன்னம், தாடை என்று நாலு இடத்தில் புள்ளி வைத்து, மெதுவாகப் பரப்புங்கள். முழு முகத்துக்கும் அவ்வளவுதான். சுருக்கம் இருக்கும் கோட்டில் மட்டும் கூடுதலாகத் தேய்ப்பதால் எரிச்சல் மட்டுமே மிஞ்சும். பத்து நிமிடம் கழித்து வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். தோல் மென்மையானவர் மருந்துக்கு முன்பும் ஒரு அடுக்கு மாய்ஸ்சரைசர் போடலாம். வேகம் கொஞ்சம் குறையும், தாங்கும் சக்தி கூடும்.

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு. அடுத்த இரண்டு வாரம் மூன்று இரவு. பிறகு ஒன்று விட்டு ஒரு நாள். எட்டு, பத்து வாரத்துக்குப் பிறகு எரிச்சல் இல்லை என்றால் மட்டும் தினமும். ஒன்று விட்டு ஒரு நாளிலேயே நின்றுவிட்டாலும் குறையில்லை.

இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை லேசான உரிதல், வறட்சி, சில பருக்கள் எதிர்பார்க்க வேண்டியவை. தண்ணீர் பட்டாலே எரிந்தாலோ, முகம் சிவந்து பளபளத்தாலோ நிறுத்துங்கள். ஐந்து நாள் வெறும் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும். அடங்கியதும் முன்பு போட்டதில் பாதி இரவுகளோடு மறுபடி தொடங்கலாம். 'எரிந்தால்தான் வேலை செய்கிறது' என்ற நம்பிக்கை நம் ஊரில் பலமாக இருக்கிறது. எரிச்சலும் பலனும் வேறு வேறு. நமக்கு எரிச்சலின் விளைவு கருமை.

பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடு ட்ரெட்டினாயினைச் சிதைக்கும், அதனால் ஒரே நேரத்தில் சேர்க்கக் கூடாது. ஒளியும் சிதைக்கும், அதனால் இரவு மட்டும். கிளைகாலிக், சாலிசிலிக் அமிலம் கலந்த ஃபேஸ்வாஷ், ஸ்க்ரப், எலுமிச்சை, தக்காளி வைத்தியம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். முகத்தில் வேக்ஸ் செய்தால் மெலிந்த மேலடுக்கு பிய்ந்து வரும். குறைந்தது ஒரு வாரம் முன்பே மருந்தை நிறுத்த வேண்டும்.

தோல் மிருதுவாவதும் நிறம் சீராவதும் மூன்றாம் மாதத்தில் தெரியத் தொடங்கும். மெல்லிய கோடுகளுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம். மூக்கிலிருந்து வாய் வரை ஓடும் ஆழமான மடிப்பும், தளர்ந்து தொங்கும் தாடையும் இதனால் மாறாது. எவ்வளவு குறைத்தும் தாங்காதவர்களுக்கு 0.1 சதவீத அடாப்பலீன், அதற்கும் மென்மையாக ரெட்டினால். ரெட்டினால் தோலுக்குள் போய் இரண்டு கட்டமாக மாறிய பிறகே வேலை செய்வதால் வலு குறைவு. கர்ப்பிணிகளுக்கு மங்கு பெரிய கவலை என்றால் அசெலாயிக் அமிலம் பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

பாட்டாக்ஸ் ஊசி

முகத்தை அசைக்கும்போது விழும் கோடுகளுக்கு இது. புருவத்துக்கு நடுவே, நெற்றியில், கண்ணோரத்தில். கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த கண் மருத்துவர் ஜீன் கேரதர்ஸும் அவர் கணவர், தோல் மருத்துவர் அலஸ்டேர் கேரதர்ஸும் 1992இல் இதை எழுதினார்கள். 2002இல் புருவ நடுக் கோடுகளுக்கு அமெரிக்க அனுமதி வந்தது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை மருந்து தடுக்கிறது. தசை தளர்கிறது, மேலே தோல் மடியாமல் இருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து தெரியும், இரண்டு வாரத்தில் முழுமையாகும், மூன்று நான்கு மாதத்தில் தீரும்.

மருந்து எப்படிக் கலக்கப்படுகிறது என்பதை நோயாளியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பாட்டாக்ஸ் 100 யூனிட் குப்பியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத உலர்ந்த படலமாக இருக்கும். 2.5 மில்லி சலைன் சேர்த்தால் ஒவ்வொரு 0.1 மில்லியிலும் 4 யூனிட். புருவ நடுவுக்கு ஐந்து புள்ளி, புள்ளிக்கு 4 யூனிட், மொத்தம் 20. கலந்த மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தச் சொல்கிறது அதன் குறிப்பேடு. சலைனைக் கூட்டி நீர்க்க வைத்தால் அதே அளவு ஊசியில் மருந்து குறைவாகப் போகும், சீக்கிரமே தீர்ந்துவிடும். எனவே 'இத்தனை இடம், இவ்வளவு ரூபாய்' என்று பேசும் இடத்தில் எத்தனை யூனிட் என்று கேளுங்கள். குப்பியை உங்கள் முன் திறக்கச் சொல்லுங்கள். எந்த நிறுவனத்தின் மருந்து என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்றின் யூனிட் இன்னொன்றின் யூனிட்டுக்குச் சமமல்ல. பாட்டாக்ஸில் 20 யூனிட் போகும் இதே இடத்துக்கு டிஸ்போர்ட்டில் 50.

போட்ட பிறகு நாலு மணி நேரம் படுக்கவோ, அந்த இடத்தைத் தேய்க்கவோ, ஃபேஷியல் செய்யவோ வேண்டாம். மருந்து கண்ணிமையைத் தூக்கும் தசைக்குப் பரவினால் இமை பாதி மூடியபடி தொங்கும். சில வாரங்களில் தானாகச் சரியாகும், ஆனால் அதுவரை ஊசியின் வேலையை முறிக்கும் மருந்து இல்லை. நெற்றியில் அதிகம் போட்டால் புருவம் கனத்து இறங்கும். வயதானவர்களில் பலர் புருவத்தைத் தூக்கித்தான் தொங்கும் இமையைச் சமாளிக்கிறார்கள். அவர்களுக்கு நெற்றி அளவைக் குறைக்க வேண்டும். மையஸ்தீனியா கிரேவிஸ் போன்ற தசை பலவீன நோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசி ஆகாது.

ஃபில்லர், பீல், லேசர்

கன்னம் ஒட்டிப்போன இடத்தை நிரப்ப ஊசியில் ஏற்றும் ஜெல்தான் ஹையலுரானிக் அமில ஃபில்லர். ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் நிற்கும். இந்த வரிசையில் மிக ஆபத்தானது இதுதான். ஜெல் ரத்தக் குழாய்க்குள் போனால் அந்தப் பகுதித் தோல் செத்துப்போகும். மூக்கு, புருவ நடு, நெற்றி ஆகிய இடங்களில் கண்ணுக்குப் போகும் ரத்தம் அடைபட்டுப் பார்வையே போகலாம். ஊசி போடும்போதோ பிறகோ கடும் வலி, தோல் வெளுப்பது, வலைப்பின்னல் போல ஊதா நிறம், பார்வை மங்கல் எது தெரிந்தாலும் அது அவசரச் சிகிச்சைக்கு உரியது. காலை வரை காத்திருக்கக் கூடாது. ஜெல்லைக் கரைக்கும் மருந்து ஹையலுரானிடேஸ். 'அது உங்களிடம் இப்போது இருக்கிறதா?' என்பதுதான் கிளினிக்கில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளவே வேண்டாம். கரைக்க முடியாத நிரந்தர ஃபில்லரும் வேண்டாம்.

பீலுக்கு முன் இரண்டு முதல் நான்கு வாரம் சன்ஸ்கிரீனும் இரவு க்ரீமும் போட்டுத் தோலைத் தயார் செய்து, பீலுக்குச் சில நாள் முன் இரவு க்ரீமை நிறுத்த வேண்டும். நம் தோலுக்குக் கிளைகாலிக் அமிலத்தைக் குறைந்த செறிவில், ஓரிரு நிமிடத்தில் தொடங்கி, அடுத்தடுத்த முறை கூட்டுவார்கள். முதல் முறையே உயர்ந்த செறிவு என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு முதல் பீல் எடுப்பது பெரிய தவறு. கருமை வந்தால் தெளிய மாதங்கள் ஆகும். லேசரில் 1064 நானோமீட்டர் என்டி-யாக் கருவி மேலடுக்கு நிறமியை அதிகம் சூடாக்காமல் ஆழத்துக்குப் போவதால் கருநிறத் தோலுக்கு ஓரளவு பாதுகாப்பு. ஐபிஎல் எனும், வலுவான ஒளியைத் துடிப்புகளாகப் பாய்ச்சும் சிகிச்சை நம் நிறத்தில் சுலபமாகச் சுட்டுவிடும். எதுவானாலும் காதுக்குப் பின்னால் சிறிய இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

தசை

தோலுக்குச் செலவழிக்கும் பலர் இதைத் தொடுவதே இல்லை. ஆனால் எழுபது வயதில் ஒருவர் தானாக எழுந்து நடப்பதையும் வழுக்காமல் குளிப்பதையும் முடிவு செய்வது தொடைத் தசைதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். ஆசிய நாடுகளின் தசைத் தேய்வு நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுப்படி 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் உடல் செயல்திறன் குறைந்திருக்கிறது. கைப்பிடி வலிமை ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் அதுவும் எச்சரிக்கை.

பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1990இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு 'இந்த வயசுல எதுக்கு' என்ற பேச்சுக்கே இடமில்லை.

வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவே ஒரு நாள் ஓய்வு. நாற்காலியிலிருந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, குதிகாலை உயர்த்துவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது. ஒரு லிட்டர் பாட்டில் ஒரு கிலோ. ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். பலர் ஆறு மாதமும் அதே அரை கிலோவைத் தூக்கிவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். மூச்சை அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் ஏறும். இதய நோய் உள்ளவர் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கவும். நடைப்பயிற்சி நல்லது, ஆனால் இதற்கு மாற்று அல்ல.

புரதம் இல்லாமல் தசை ஏறாது. வயதானவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம். மூன்று இட்லி, சட்னி சாப்பிட்டால் எட்டு கிராம் கூட வராது. இரண்டு முட்டை 12, ஒரு டம்ளர் பால் 6 அல்லது 7, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சுமார் 12, 100 கிராம் மீன் சுமார் 20. காலை உணவில்தான் பள்ளம் விழுகிறது, அங்கே ஒரு முட்டையோ சுண்டலோ சேர்த்தால் கணக்கு மாறும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் தானாகக் கூட்டக் கூடாது.

எலும்பு

மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரையும். இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன்தான் சரியான பரிசோதனை. முகாம்களில் குதிகாலில் வைத்துப் பார்ப்பது முதல்கட்ட வடிகட்டல் மட்டுமே, அதை வைத்து மருந்து தொடங்கக் கூடாது. உங்கள் எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளம் வயதினரோடு ஒப்பிடும் எண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புத் தேய்வு. 65 வயதான பெண்கள் எடுக்க வேண்டும். லேசாக விழுந்தே எலும்பு முறிந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள், சீக்கிரம் மாதவிடாய் நின்றவர்கள் அதற்கு முன்பே.

எலும்பு கரைவதைக் குறைக்க டாக்டர் வாரம் ஒரு முறை 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேட் என்று எழுதினால், சாப்பிடும் முறைதான் மருந்தில் பாதி. காலை வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு. காபியோடு விழுங்கினால் உடலில் சரியாக ஏறாது. அரை மணி நேரம் படுக்கக் கூடாது, வேறு எதுவும் சாப்பிடக் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டுகளை எட்டு வாரம் என்று எழுதினால் எட்டு வாரத்தோடு நிறுத்த வேண்டும். வருடக்கணக்கில் வாரா வாரம் தானாக வாங்கிக் குடித்தவர்கள் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகப் பாதிப்புமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

பணம் கொடுக்கக் கூடாதவை

குளுட்டாதயோன் ஊசி: தோல் வெளுக்க இதை ரத்தத்தில் ஏற்றுவதற்குப் பாதுகாப்பான ஆதாரம் இல்லை, பிலிப்பைன்ஸ் மருந்து நிர்வாகம் பொதுமக்களை வெளிப்படையாக எச்சரித்தது. வளர்ச்சி ஹார்மோன்: 60 வயதைத் தாண்டிய ஆண்களில் தசை கூடியதாக 1990இல் ஒரு சிறிய ஆய்வு வந்ததும் பெரும் வியாபாரம் கிளம்பியது. பிறகு வீக்கம், மூட்டு வலி, மணிக்கட்டு நரம்பு அழுத்தம், சர்க்கரை ஏற்றம் என்று பக்கவிளைவுகள் தெரிந்தன, வலிமையோ எதிர்பார்த்தபடி கூடவில்லை. ஸ்டெம் செல் ஊசி: ரத்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை தவிர மற்றதெல்லாம் முறையான ஆய்வுக்குள் மட்டுமே நடக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆய்வில் சேருபவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஸ்டெம் செல்லால் இளமை திரும்பும் என்று சொல்லி ஒரு இடம் ரசீது நீட்டினால், அது ஆய்வும் அல்ல, அனுமதி பெற்ற சிகிச்சையும் அல்ல.